உட்கார வைக்க முடியாத விருந்தாளி

சின்னமனூருக்குக் கிழக்கே, ஆடு மேய்க்கக்கூட ஆள் போகாத கல்லாங்காட்டில் நான் வெட்டிய கிணறு இன்றைக்கும் கோடையில் ரெண்டு மணி நேரம் மோட்டார் தாங்கும். அது பாறை, தண்ணீர் வராது என்று சொன்னவர்கள், அதே தண்ணீரைத்தான் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு டேங்கரில் பிடித்துப் போகிறார்கள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வாழைத்தார் ஏலக் கடையில் சுமை தூக்கிய தோள் இது. வேண்டுமானால் தொட்டுப் பாருங்கள், இன்னும் காய்ப்பு இருக்கிறது. பழம் பழுக்க வைக்கும் அறை கட்ட பேங்கில் மனுக் கொடுத்தபோது அதைப் படிக்காமலே திருப்பித் தள்ளிய மேனேஜர், அறை திறந்த அன்று முதல் வரிசையில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டார். அதற்குப் பிறகு நாலு லாரி. அதற்குப் பிறகு குளிர் அறை. அதற்குப் பிறகு பேக்கிங் கொட்டகை; நாற்பத்திரண்டு இரும்புத் தூணும் நான் பக்கத்தில் நின்று ஊன்றியது. என்னை நம்பி வாழை போட்ட பதினெட்டுக் குடும்பங்களின் பழம் கப்பல் ஏறுகிறதென்றால், அந்த வழியைப் போட்டதும் நான்தான்.

இத்தனையும் செய்தவனால் ஒரு மனிதரை ஒரு நாற்காலியில் உட்கார வைக்க முடியவில்லை. அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அவர் பேர் நாலு துண்டாக இருக்கும். பாஸ்போர்ட்டைப் பார்த்து அதைப் படிக்க என் மகளுக்கே ரெண்டு மூச்சு வேண்டியிருந்தது. பிலிப்பைன்ஸ் தேசத்தில் ஏதோ ஒரு தீவு அவருக்குச் சொந்த ஊர். கொட்டகையில் முதல் நாளே எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன். வயது ஐம்பதுக்குள். குள்ளமான ஆள். முன்னங்கை மட்டும் வேறு யாரோ பெரிய உடம்புக்காரரிடம் வாங்கி மாட்டியது மாதிரி இருக்கும். உள்ளங்கை ரேகைக்குள் வாழைப்பால் கறை ஏறி, எந்த சோப்புக்கும் போகாத கறுப்பு. அந்தக் கையைக் குலுக்கியதுமே ஆள் நம்ம தொழில்காரர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் நான் செய்தது வேறு.

அவர் எதற்கு வந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வளைகுடாவுக்கு அனுப்பிய முதல் கண்டெய்னரை அங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ருசியில் குறை இல்லை. தோலெல்லாம் கறுப்புத் தழும்பு. தாரைத் தோளில் போட்டு ஓடி, லாரிக்குள் எறிந்து பழகியவர்கள் நாங்கள். எறிந்த இடத்தில் பட்ட அடி மூன்றாம் நாள் கறுக்கும். இன்னும் ஒரே ஒரு கண்டெய்னர் அனுப்பிப் பாருங்கள், அதுவும் இப்படி வந்தால் இனி எழுதாதீர்கள் என்று கடிதம் வந்தது. மகள் கம்ப்யூட்டரில் தேடி, எழுதிக் கேட்டு, இவரை வரவழைத்தாள். சீப்பு எப்படி வெட்டுவது, பாலை எப்படி வடிய விடுவது, பெட்டிக்குள் எப்படிப் படுக்க வைப்பது என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க மூன்று மாதம் பேச்சு.

மதுரை விமான நிலையத்துக்கு மாலையோடு போனோம். நான், ஒச்சப்பன், சீனிச்சாமி. ஒச்சப்பன் என்னோடு சேர்ந்து சுமை தூக்கியவன். இன்றைக்கு ரெண்டு வாடகைக் கார் வைத்திருக்கிறான். சீனிச்சாமி திராட்சைத் தோட்டக்காரன்; குமுளிக்குப் போய்ப் போய் மலையாளமும், அங்கே சுற்றுலா வருகிறவர்களோடு பேசிப் பேசி கொஞ்சம் இங்கிலீஷும் கைவசம் உண்டு. மாலையைப் போட்ட கையோடு மாஸ்டரின் பெட்டியை ஒச்சப்பன் வாங்கப் போனான். அவர் விடவில்லை. அதோடு போகாமல், நாங்கள் கொண்டுபோயிருந்த பழக்கூடையையும் இன்னொரு கையில் தூக்கிக்கொண்டு காரைப் பார்த்து நடந்தார். நாங்கள் மூன்று பேரும் வெறுங்கையோடு பின்னால் போனோம். பார்த்தவர்கள் அவரை எங்கள் ஆள் என்று நினைத்திருப்பார்கள்.

அன்றைக்கு மத்தியானம் எங்கள் வீட்டில் விருந்து. எங்கள் பக்கம் விருந்தாளி சாப்பிட்ட இலையை விருந்தாளி தொடக்கூடாது. எழுந்து போய்க் கை கழுவினால் அவர் வேலை முடிந்தது. இவர் இலையை எடுத்தார், எங்கள் இலைகளையும் எடுத்தார், காலியான சட்டிகளை அடுக்கிக்கொண்டு பின்பக்கம் போய் குழாயடியில் தேய்க்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரி முகம் செத்துப்போனது.

"ஏங்க, நம்ம வீட்டுல ஒரு சட்டி வெளக்க நாதி இல்லைண்டு நெனச்சுட்டாகளா?" என்று அன்று ராத்திரி கேட்டாள். "ஊருக்குப் போயி நம்மள என்னண்டு சொல்லுவாக?"

அவள் கேட்டது எனக்குச் சுருக்கென்றது. மறுநாளே தேனிக்குப் போய், சக்கரம் வைத்த சுழல் நாற்காலி ஒன்று வாங்கி வந்து கொட்டகை நடுவில் போட்டேன். மேலே இருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை, அழுக்காகிவிடும் என்று. பக்கத்தில் ஒரு ஃபேன். மணிக்கு ஒரு இளநீர். ஆட்களைக் கூட்டி வைத்து, மாஸ்டர் வாயால் சொல்வதைக் கேளுங்கள், அவர் கை ஒரு தாரில் பட்டது என்று கேள்விப்பட்டால் மறுநாள் ஒருத்தனும் வேலைக்கு வரவேண்டாம் என்று சொன்னேன். நான் சொன்னால் சொன்னதுதான். அவர் எழுந்து தாரைத் தொடப் போவார், ரெண்டு பேர் ஓடி வந்து அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கத்தியை எடுப்பார், மரியாதையாக வாங்கிக்கொள்வார்கள். ஓகே ஓகே என்று சொல்லிக்கொண்டு மறுபடி போய் உட்காருவார். ஒன்பது நாள் இப்படிப் போனது. வாயால் சொன்னால் இந்த வேலை வருமா? கையைப் பார்த்துத்தானே கை பழகும். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் வெளிநாட்டு ஆளை ராஜா மாதிரி வைத்திருக்கிறேன் என்கிற பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

பத்தாம் நாள் சாயங்காலம் மகள் வந்து நின்றாள்.

"அப்பா, மாஸ்டர் ஊருக்குப் போறாராம். நாளைக்குக் காலைல கார் கேக்குறாரு."

"என்ன ஆத்தா சொல்ற? யாரும் எதுவும் சொல்லிட்டாகளா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. இங்கன எனக்கு வேலை இல்லைண்டு சொல்றாரு. வேற ஒரு வார்த்தையும் வாங்க முடியல."

வேலை இல்லாமல் சம்பளம் கொடுக்கிறேன், அது ஒரு குறையா என்று எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிறகுதான் தோட்டத்து நினைப்பு வந்தது. சித்திரை மாதம். தார் வெட்டுக்கு நின்றது. ஒரு கோடைக் காற்று சுழற்றி அடித்தால் வாழை அப்படியே படுத்துவிடும். பதினெட்டுக் குடும்பமும் என் பேச்சை நம்பி ஒவ்வொரு தாருக்கும் பை மாட்டி, பிள்ளையைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். இவர் போய்விட்டால் அந்தக் கடைசிக் கண்டெய்னரை யார் நிரப்புவது? எங்கள் ஆட்களுக்கு ஒன்பது நாளில் ஒன்றும் வரவில்லை.

ஒச்சப்பனையும் சீனிச்சாமியையும் கூப்பிட்டேன். ஒச்சப்பனுக்கு எதற்கும் உடனே பதில் வரும்.

"பகலு சரி மாப்ள. ராத்திரியெல்லாம் அந்த ரூமுல மோட்டுவளையப் பாத்துக்கிட்டுப் படுத்திருந்தா யாருக்குத்தான் ஊரு நெனப்பு வராது? தேனி நைட்ட ஒரு தடவ காட்டுவம். அப்புறம் நீ போகச் சொன்னாலும் போக மாட்டாரு."

வீரபாண்டித் திருவிழா வேறு நடந்துகொண்டிருந்தது. பள்ளத்தாக்கே விடிய விடிய விழித்திருக்கிற வாரம். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஒரு ராத்திரி கையில் இருக்கிறது. அதற்குள் அவர் மனசைத் திருப்ப வேண்டும்.

ஏழு மணிக்குக் கிளம்பினோம். ஒச்சப்பன் கார். முன் சீட்டில் மாஸ்டரை உட்கார வைத்தோம். வாசல் கேட்டைத் திறக்க அவர் இறங்கினார். சீனிச்சாமி பின்னாலிருந்து குதித்து ஓடி அவருக்கு முந்தித் திறந்தான். அவர் பாதி வழியில் நின்று, திரும்பி வந்து ஏறிக்கொண்டார்.

தேனியில் முதலில் பரோட்டாக் கடை. கடைக்காரர் என்னிடம் பழம் எடுக்கிறவர். என்னைப் பார்த்ததும் ஃபேன் இருக்கிற மேசையைக் காலி பண்ணிக் கொடுத்தார். பரோட்டா, கொத்து, கறிதோசை, சுக்கா, கலக்கி என்று மேசையில் கை வைக்க இடம் இல்லாமல் அடுக்கினோம். மாஸ்டர் அரைப் பரோட்டா சாப்பிட்டார். கண் முழுக்க வாசலில் இருந்தது. அங்கே பரோட்டா போடுகிறவர் மாவை வீசி, அடித்து, சுருட்டி, கல்லில் போட்டுக்கொண்டிருந்தார். மாஸ்டர் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரு உருண்டையைத் தொடப்போனார். பரோட்டா போடுகிறவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவ்வளவுதான், ஒரு நாற்காலி வந்துவிட்டது. அடுப்புக்குப் பக்கத்தில் அவரை உட்கார வைத்து, வேர்க்கிறதே என்று ஃபேனையும் அந்தப் பக்கம் திருப்பினார்கள். அதில் அடுப்புத் தீ அணையப் பார்த்தது. பரோட்டா போடுகிறவர் வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னார். நல்லவேளை எனக்குக் கேட்கவில்லை.

அடுத்தது ஒரு ஹோட்டல் மொட்டை மாடி. கலர் லைட், பாட்டு, நாலு பேர் ஆடுகிறார்கள். நான் அந்த மாதிரி இடத்துக்குப் போகிற ஆள் இல்லை. ஒச்சப்பன் போவான். மாஸ்டர் கையில் ஒரு கிளாஸைக் கொடுத்தோம். அதில் இருந்தது கடைசி வரை குறையவே இல்லை. கீழே வழிந்த ஐஸ் தண்ணீரை அங்கே கிடந்த துணியை எடுத்துத் துடைத்தார். மேசையை முழுசாகத் துடைத்துவிட்டுப் பக்கத்து மேசையையும் துடைக்கப் போனபோது, பரிமாறுகிற ஆள் பதறி ஓடி வந்து துணியைப் பிடுங்கிக்கொண்டு, மன்னிச்சுக்கங்கய்யா என்று என்னிடம் சொன்னார். சீனிச்சாமி தன் இங்கிலீஷை எல்லாம் செலவழித்து, சூப்பரா, சூப்பரா என்று பத்து தடவை கேட்டான். ஓகே, குட் என்று அவரும் பத்து தடவை சொன்னார். சிரிக்கவும் செய்தார். ஆனால் சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது. நான் வியாபாரி. ஒரு ஆளிடம் சரக்கு விலை போகிறதா இல்லையா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். போகவில்லை.

வீரபாண்டிக்கு வரும்போது பத்தரை மணி. தீச்சட்டி எடுத்து வருகிறவர்கள் ஒரு பக்கம், ஈரத் துணியோடு ஆற்றிலிருந்து ஏறி வருகிறவர்கள் ஒரு பக்கம், ராட்டினத்து வெளிச்சம் ஆகாசம் வரைக்கும். இந்தக் கூட்டத்தைப் பார்த்தால் கல்லும் கரையும் என்று நினைத்தேன். கலை நிகழ்ச்சி மேடை போட்டிருந்தவர்கள் நமக்குத் தெரிந்தவர்கள். முதல் வரிசையில், சிவப்பு மெத்தை வைத்த நாற்காலி. மைக்கில், பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து நம்ம திருவிழாவுக்கென்றே பறந்து வந்திருக்கிறார் என்று அளந்துவிட்டார்கள். சரிகை போட்ட சால்வை ஒன்றைக் கொண்டுவந்து போர்த்தினார்கள். அத்தனை பேர் கைதட்டலுக்கு நடுவில், அந்தச் சால்வைக்குள், பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு உட்கார வைத்த பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

மேடைக்குப் பக்கத்தில் கையால் தள்ளுகிற சின்ன ராட்டினம் ஒன்று இருந்தது. மரக் குதிரை எட்டு, எட்டிலும் பிள்ளைகள். ஒரே ஆள், வேர்த்து விறுவிறுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். மாஸ்டர் எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை. நான் பார்க்கும்போது அந்த ராட்டினத்துக் கம்பியில் கை வைத்துவிட்டார். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சால்வை போர்த்தி அஞ்சு நிமிஷம் ஆகவில்லை, போர்த்தினவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள். அவ்வளவுதான் தோன்றியது. ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். யாரையும் ஏவவில்லை, நானே இழுத்தேன்.

அவர் கோபப்படவில்லை. நான் விட்டதும் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "டுமாரோ கார், சிக்ஸ் ஓ கிளாக்?" என்று கேட்டார்.

சரி என்று தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது? இந்தப் பள்ளத்தாக்கில் எனக்குத் தெரியாத ஆள் இல்லை. கரண்டு போனால் யாருக்குப் போன் போட வேண்டும், லாரி மாட்டினால் யாரைப் பார்க்க வேண்டும், வாய்க்காலில் தண்ணீர் வராவிட்டால் யார் வீட்டு வாசலில் நிற்க வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும். இதற்கு யாருக்குப் போன் போடுவது? பாறையை வெடி வைத்து உடைத்தவன், அந்தக் கூட்டத்துக்கு நடுவில் கையாலாகாமல் நின்றேன்.

காரை ஊருக்குத் திருப்பினோம். நான் மனசுக்குள் பதினெட்டு வீட்டையும் வரிசையாக நினைத்துக்கொண்டு வந்தேன். காலையில் ஒவ்வொரு வாசலிலும் போய் நின்று, ஆள் போய்விட்டார் என்று சொல்ல வேண்டும். முதல் வீட்டில் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்றே பிடிபடவில்லை.

சீலையம்பட்டியைத் தாண்டி, ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு வருகிற இடத்தில், ரோட்டோரம் ஒரு மினி வேன் அச்சு முறிந்து சாய்ந்து நின்றது. வேன் நிறைய வாழைத்தார். பக்கத்தில் ஒரு லாரியை நிறுத்தி, வேனில் இருந்த தாரை அதற்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். விடிவதற்குள் குமுளி ஏறி மலையாளத்துச் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டிய சரக்கு. லாரி டிரைவரும் ரெண்டு சுமைக்காரர்களும்தான் இருந்தார்கள். டிரைவருக்கு என்னைத் தெரியும். கை காட்டினார். ஒச்சப்பன் ஓரம் கட்டினான்.

நாங்கள் கதவைத் திறப்பதற்கு முன்னால் மாஸ்டர் இறங்கிவிட்டார். சுமைக்காரர்களில் மூத்தவர் சால்வையைப் பார்த்துவிட்டு, யாரோ பெரிய மனுஷன் என்று நினைத்து, "ஏலே, அந்தப் பெட்டியக் கவுத்துப் போடு, ஐயா உக்காரட்டும்" என்று இன்னொருவனிடம் சொன்னார். பிளாஸ்டிக் பெட்டி ஒன்று தலைகீழாக வந்து விழுந்தது. அந்த ராத்திரியில் அவருக்கு வந்த எத்தனையாவது நாற்காலியோ.

மாஸ்டர் அந்தப் பெட்டியைப் பார்க்கவே இல்லை. சால்வையை உருவினார். நாலாக மடித்தார். சரிகை உள்பக்கம் போகிற மாதிரி மடித்துத் தோளில் வைத்தார். வேனின் பின்பக்கம் போய் நின்று, ரெண்டு கையையும் மேலே நீட்டினார்.

தாரைக் கையில் வைத்திருந்த சுமைக்காரர், மாஸ்டரைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

அன்றைக்கு ராத்திரி முழுக்க அப்படித்தான். பரோட்டா போடுகிறவர் பார்த்தார், துணியைப் பிடுங்கின ஆள் பார்த்தார், எல்லோரும் என் தலையைத்தான் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன், அவர்கள் நாற்காலி போட்டார்கள். இந்தத் தடவை எனக்குத் தலையை ஆட்டத் தெம்பு இல்லை. பெரிய ஞானம் வந்தது என்று சொன்னால் பொய். தோற்றுப்போய்விட்டேன், அதனால் பேசாமல் இருந்தேன். கால் வேறு கடுத்தது. அவருக்குப் போட்ட பெட்டியில் போய் நான் உட்கார்ந்தேன்.

ஒச்சப்பன் பதறிவிட்டான்.

"மாஸ்டர், மாஸ்டர், சட்டையெல்லாம் பாலாயிரும், விடுங்க, நான் எடுக்குறேன்" என்று ஓடினான். அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தேன்.

"விடுறா."

"என்ன மாப்ள நீ, நாளைக்கு ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நீயும் இங்கன உக்காரு."

முதல் தாரை வாங்கினார். நாங்கள் தூக்குகிற மாதிரி தோளில் பொத்தென்று போடவில்லை. மடித்த சால்வையின் மேல் சாய்த்து, அடிப்பக்கம் ஒரு கையைக் கொடுத்து, மெதுவாக நடந்து போனார். லாரிக்குள் ஏறி, தோப்பில் கிடந்த காய்ந்த ஓலையைச் சைகையில் கேட்டு வாங்கிப் பரப்பி, அதன் மேல் நிறுத்தி வைத்தார். அடுத்த தார். அடுத்த தார். இன்னொரு சுமைக்காரன், சின்ன வயசுக்காரன் இல்லை, நாற்பது இருக்கும், வாய்த் துடுக்கு. நடந்துகொண்டே என் பக்கம் குனிந்து கேட்டான்.

"என்னண்ணே, இந்த நேபாளத்து ஆளு தாரத் தூக்குறானா, தாலாட்டுறானா?"

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இவர் யார் தெரியுமா, விமானத்தில் வந்தவர், நான் வரவழைத்தவர் என்று. விழுங்கினேன்.

என் தோள் அரித்தது. முப்பது வருஷம் தார் சுமந்த தோள் கண்ணுக்கு முன்னால் தாரைப் பார்த்தால் சும்மா இருக்குமா? ஓலையை இன்னும் நெருக்கிப் போடு, அந்தத் தாரைத் திருப்பி வை என்று சொல்ல வாய் துடித்தது. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். பத்து நிமிஷம் ஆனது, இருபது நிமிஷம் ஆனது. சும்மா உட்கார்ந்திருப்பது இவ்வளவு பெரிய வலி என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அந்தப் பெட்டியில் உட்கார்ந்துதான் யோசித்தேன், இதைத்தானே அவருக்கு ஒன்பது நாள் கொடுத்தேன், ஃபேனையும் போட்டு, இளநீரையும் கொடுத்து.

அரை மணி நேரம் போனதும் சுமைக்காரர்கள் ரெண்டு பேரும் அவரைப் பார்த்து, தாங்களும் அடியில் கை கொடுத்துத் தூக்க ஆரம்பித்தார்கள். ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. துடுக்குக்காரன் வேண்டுமென்றே ஒரு தாரைப் பிள்ளை மாதிரி ஆட்டி ஆட்டிக் கொண்டுவந்தான். மாஸ்டர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. பத்து நாளில் அந்தச் சிரிப்பை அப்போதுதான் பார்த்தேன். வேலை முடிந்ததும் மூத்தவர் ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தார். மூன்று பேரும் லாரிச் சக்கரத்தில் சாய்ந்து, நின்றபடியே மாற்றி மாற்றிக் குடித்தார்கள். எனக்கு யாரும் கொடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

"எண்ணே, இந்த ஆள எனக்குக் குடுத்துட்டுப் போங்கண்ணே" என்றான் துடுக்குக்காரன்.

"மாட்டேன்" என்றேன். ஒச்சப்பனை உட்காரச் சொன்னதைத் தவிர, அந்த ஒரு மணி நேரத்தில் நான் சொன்னது அது ஒன்றுதான்.

திரும்பும்போது மாஸ்டர் பின் சீட்டில் ஏறி, பால் கறைச் சட்டையோடு தூங்கிப்போனார். கார் எத்தனை மணிக்கு என்று மறுபடி கேட்கவில்லை. அதனால் எனக்கு நம்பிக்கை வந்துவிடவும் இல்லை. காலை ஆறு மணிக்குச் சொன்னபடி ஒச்சப்பன் கார் வாசலில் நின்றது. அவர் அறை பூட்டியிருந்தது. நான் கொட்டகைக்கு ஓடினேன். சால்வை தோளில் இருந்தது. அவர் தாருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். என் சுழல் நாற்காலி மேல் சாணைக்கல்லும் நாலு கத்தியும். பிளாஸ்டிக் உறை அதற்குத்தான் உபயோகப்பட்டது. ஆட்கள் எல்லோரும் என் தலையைப் பார்த்தார்கள். இளநீரை நிறுத்துங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, காரைத் திருப்பி அனுப்பினேன்.

அந்தக் கண்டெய்னரில் போன ஒரு பெட்டிகூடத் திரும்பி வரவில்லை. காற்று அடிப்பதற்கு முன்னால் பதினெட்டுத் தோட்டமும் வெட்டி முடித்தோம். எங்கள் ஆட்கள் இன்றைக்கும் அடியில் கை கொடுத்துத்தான் தூக்குகிறார்கள்.

ஒருநாள் மகள் அவரிடம், அன்றைக்கு ஏன் கிளம்பப் பார்த்தீர்கள் என்று கேட்டிருக்கிறாள். கை சும்மா இருந்தால் மனசு ஊருக்குப் போய்விடுகிறது என்று சொன்னாராம். ஊரில் என்ன என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனில் யாருடனோ பேசுவார். ரொம்ப நேரம் பேசமாட்டார். பேசி முடித்ததும் கொட்டகைக்கு வந்து, ஏற்கெனவே தீட்டி வைத்த கத்திகளை எடுத்துத் திரும்பத் தீட்டுவார். அந்தச் சத்தம் கேட்டால் என் வீட்டுக்காரி, சோற்றுச் சட்டிகளைக் கழுவாமல் குழாயடியில் போட்டுவிட்டு வந்துவிடுவாள். அவர் தேய்க்கட்டும் என்று. அதற்கு மேல் எங்களால் அவருக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

மூன்று மாதம் முடிந்தபோது, பெரிதாக வழியனுப்ப வேண்டும் என்று மேளத்துக்குச் சொல்லி வைத்திருந்தேன். அவருக்கு எப்படித் தெரிந்ததோ. விடியற்காலை முதல் பஸ்ஸுக்குத் தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். நான் செருப்பு மாட்டாமல் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேரும்போது, பஸ் தேனிப் பக்கம் திரும்பிவிட்டது. அவர் அறையைக் கூட்டிப் பெருக்கி, போர்வையை மடித்து வைத்திருந்தார். சால்வையைக் காணவில்லை. எடுத்துப் போயிருக்கிறார்.

இப்போது விவசாயிகள் சங்கத்தில் புதிதாகப் பேக்கிங் கூடம் கட்டி, வாசலில் ஒரு கல் பதிக்கப் போகிறார்கள். சங்கத்துக்கு இப்போது செயலாளர் சீனிச்சாமிதான். கல்லில் மாஸ்டர் பேர் நாலு துண்டும் வருகிறது. நம்ம வாழையைக் கடல் கடக்க வைத்தவர் என்று வருகிறது. மகள் படித்துக் காட்டினாள். ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். எல்லாம் அவருக்குச் சேர வேண்டியதுதான்.

ஆனால் அதற்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. நான் அளந்து பார்த்துவிட்டேன். கிணற்றைப் போட வேண்டாம், லாரியைப் போட வேண்டாம், நாற்பத்திரண்டு தூணையும் போட வேண்டாம். அதெல்லாம் நான் செய்யாவிட்டாலும் இன்னொருத்தன் செய்திருப்பான். சீலையம்பட்டி ரோட்டோரம், கவிழ்த்துப் போட்ட பெட்டியில், ஒரு மணி நேரம் நான் எழுந்திருக்காமல் இருந்தேன். என் உடம்பு தெரிந்தவர்களுக்குத் தெரியும் அது என்ன வேலை என்று. சும்மா உட்கார்ந்ததற்கெல்லாம் கல்லில் பேர் போடுவார்களா என்று சீனிச்சாமி சிரிக்கிறான். அவன் அந்த இடத்தில் காரை விட்டு இறங்கவே இல்லை, அவனுக்கு என்ன தெரியும்.

போட வேண்டும். உட்கார்ந்திருந்தவர் என்றே போடுங்கள். பக்கத்தில் என் பேரையும் போடுங்கள்.